மாஸ்டரின் வலது கால்

மாஸ்டர் இறந்தது இதயத்தால்; காலால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை முழுக்கக் கால்தான் கத்தப்போகிறது, படிப்பவர்கள் தப்புக்கணக்குப் போட்டுவிடக் கூடாது. அவர் போன அன்றுகூட அந்தக் கால் ஒழுங்காகத்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடம் அவர் ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். மீதிப் பாதி, அந்த முதல் பாதியைப் பார்த்து ஒதுங்கி ஓட்டப் பழகியவர்கள். அவருடைய டிரைவிங் ஸ்கூல் என்பது ஓர் அறை, ஒரு மேஜை, சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு பெரிய படம், வாசலில் ஒரு வெள்ளைக் கார். காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுபவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், மாஸ்டரின் வலது காலடியில்.

அவரிடம் பழகிய யாரும் தேர்வில் தோற்றதில்லை. தேர்வு அதிகாரி பின் இருக்கையில் உட்காருவார். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்தில். நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும். மாஸ்டருக்குக் கைராசி என்றார்கள். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. மாஸ்டருக்கே தெரியாது.

அவருக்கு அறுபத்திரண்டு வயதானபோது, ஒரு புதன்கிழமை காலையில் அது ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் இருந்தவள் புதிதாகச் சேர்ந்த தையல்காரம்மா. வண்டி ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் என்றும்போல எடை முழுவதையும் ஒரு பக்கப் பிட்டத்தில் போட்டு, உடம்பை அவள் பக்கமாக முறுக்கி, வலது காலை நீட்டிப் பிரேக்கின் மேல் வைத்திருந்தார். தும்மல் வந்தது. தும்மினார்.

இடுப்பிலிருந்து ஒரு மின்னல் கிளம்பியது. பிட்டத்தைத் துளைத்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு கட்டைவிரலில் போய் நின்றது.

"ஐயோ!"

தையல்காரம்மா தான் ஓட்டுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலை மாஸ்டர்!"

அவள் சொன்னது உண்மை. ஒன்றுமே பண்ணவில்லை. வண்டி தன் போக்கில் போய் ஒரு வேலியின் மேல் மெதுவாகச் சாய்ந்துகொண்டது.

வலி கெண்டைக்காலில்தான் கொடுமையாக இருந்தது. ஆகவே வைத்தியமும் கெண்டைக்காலுக்கே நடந்தது. தைலம் தேய்த்தார்கள். வெந்நீர்ப் பையைத் துண்டால் கட்டிவைத்தார்கள். வீல் அலைன்மெண்ட் கடைக்காரர் கேள்விப்பட்டு வந்தார். கட்டிலின் காலடியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மாஸ்டர், வலது பக்கம் அரை இஞ்ச் வெளியே இழுக்குது."

"சரி பண்ண முடியுமா?"

"வண்டின்னா பத்து நிமிஷம். உங்களைத் தூக்கி மாட்ட என்கிட்ட ஸ்டாண்ட் இல்லையே."

மாஸ்டர் ஒன்பது நாள் படுத்துக்கிடந்தார். ஓட்டாமல் வைத்திருந்தால் தேய்மானம் இருக்காது என்பது அவர் கணக்கு. சும்மா நிறுத்திவைத்த வண்டியில்தான் பேட்டரி இறங்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார். பத்தாம் நாள் எழுந்திருக்க முயன்றபோது இடுப்பு கட்டிலோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

மகள் வேறு ஊரில் இருந்தாள். மண்ணுக்கடியில் போகும் மின்கேபிள்களில் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தெருவைத் தோண்டுவதற்கு முன் அவளைத்தான் கேட்பார்கள். பேச்சு குறைவு. அன்றைக்கு அம்மா போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், அப்பாவிடம் கொடு என்றாள்.

"எங்க வலிக்குது?"

"கெண்டைக்கால்ல."

"எங்கேருந்து வருது?"

"அதான் கெண்டைக்கால்னு சொல்றேனே பாப்பா."

"தும்மினா?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதே. கேட்டாலே வருது."

"அப்போ பழுது கால்ல இல்லப்பா. இடுப்புல."

"இடுப்பு தங்கமா இருக்கு. கொஞ்சம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். கால்தான் உயிரை எடுக்குது."

"தெருக்கோடி வீட்டுல விளக்கு எரியலைன்னா பல்பைத் தேய்ச்சுகிட்டு உட்காருவீங்களா? கேபிள் எங்க நசுங்கியிருக்குன்னுதானே பாக்கணும்."

பிறகு விளக்கினாள். முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போல டிஸ்குகள் இருக்கின்றன. இடுப்புப் பகுதியில் அவற்றில் ஒன்று பிதுங்கினால், பக்கத்தில் இறங்கும் நரம்பின் வேரை அழுத்தும். அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு விரல் தடிமனுக்கு, பிட்டம் வழியாகக் கால் வரைக்கும் போகின்றன. சயாட்டிக் நரம்பு என்று பெயர். எந்த இடத்தில் நசுங்கியது என்று மூளைக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கம்பி போய்ச் சேரும் இடமெல்லாம் வலிப்பதாகப் புகார் எழுதிக்கொள்ளும்.

"மூளைக்கு இவ்வளவுதான் அறிவா?" என்றார் மாஸ்டர்.

"இவ்வளவுதான். இப்போ ரெண்டு கேள்வி. ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?"

"அப்பாகிட்ட கேக்குற கேள்வியா இது?"

"போகுதா, இல்லையா?"

"போகுது, போகுது."

"உட்கார்ற இடம், தொடை இடுக்கு, எங்கேயாவது மரத்துப்போயிருக்கா?"

"இரு, அம்மாகிட்ட கொடுக்குறேன்."

"பதில் சொல்லிட்டுக் கொடுங்க."

"இல்ல!"

"நல்லது. அப்படி மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இல்லாமப் போனாலோ, ரெண்டு கால்லயும் வலி இறங்கினாலோ, என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி. இப்போ எழுந்து நடங்க. டாக்டரைப் பாருங்க."

போனை வைத்துவிட்டாள். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். ஊரார் அவளை மாஸ்டரம்மா என்பார்கள்.

"உன் பொண்ணு என்னைத் தெருன்னு நினைச்சுட்டா. தோண்டச் சொல்லலை, அந்த மட்டும் சந்தோஷம்."

"எழுந்திருங்க," என்றாள் மாஸ்டரம்மா. "உங்க அடியில இருக்குற மெத்தைவிரிப்பை மாத்தி ஒன்பது நாளாச்சு."

டாக்டரும் மாஸ்டரின் பழைய மாணவர்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் பழகியவர். மாஸ்டரைப் படுக்கவைத்து வலது காலை முட்டி மடங்காமல் மெல்ல உயர்த்தினார். ஒரு சாணுக்கு மேல் போவதற்குள் மாஸ்டர் அறையிலிருந்த அத்தனை பேரையும் திட்டி முடித்தார். பிறகு டாக்டர் தன் விரலை மாஸ்டரின் கால் கட்டைவிரல் மேல் வைத்தார்.

"என்னை எதிர்த்துத் தூக்குங்க மாஸ்டர்."

இடது கட்டைவிரல் கல் மாதிரி நின்றது. வலது கட்டைவிரல் கொஞ்சம் தாக்குப்பிடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்தது.

டாக்டர் சொன்னார். பெரும்பாலோருக்கு இது ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உடனே ஸ்கேன் தேவையில்லை. ஆனால் கால் இன்னும் பலம் குறைந்தால் அன்றே வர வேண்டும். மாத்திரை சில நாளைக்கு. படுத்துக்கிடக்கக் கூடாது. நீண்ட நேரம் உட்காரவும் கூடாது. நடக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை பிசியோதெரபி.

"இன்னொண்ணும் சொல்லணும் மாஸ்டர்." டாக்டர் பேனாவைத் திருகினார். "எட்டு வாரத்துல உங்க சான்றிதழ் முடியுது."

அறுபது தாண்டிய பயிற்சியாளர்கள் வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் பக்கத்து இருக்கையில் உட்கார முடியாது. அந்த ஊரில் அதில் கையெழுத்துப் போடுபவர் இந்த டாக்டர்தான்.

"இந்தக் கட்டைவிரலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பிரேக்கை மிதிக்கிறது பாதம் டாக்டர். கட்டைவிரலுக்கு என்ன வேலை?"

"பாதத்தை மேல தூக்குற நரம்பும் அதுதான். தூக்கினாத்தானே பிரேக் மேல வைக்க முடியும்?"

மாஸ்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அவருக்கு அந்த இருக்கையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சீட்டு விளையாடத் தெரியாது. செடி வளர்க்க வராது. கடைசி வரைக்கும் வேலை செய்துகொண்டே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர முதுமையைப் பற்றி அவருக்கு எந்தத் திட்டமும் இருந்ததில்லை. எட்டு வாரம். ஒரு கட்டைவிரல்.

பிசியோதெரபி நிலையம் இருந்தது ஊரின் மறுகோடியில். அவ்வளவு தூரம் அவரால் நடக்க முடியாது. முதல் மூன்று முறை டாக்சி பிடித்தார்கள். மூன்று டிரைவர்களும் மாஸ்டரிடம் பழகியவர்கள். உட்கார முடியாததால் மாஸ்டர் பின் இருக்கையில் முட்டிகளை மடக்கிப் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே பாடம் எடுத்தார். முதல் டாக்சிக்காரர் பாதி வழியில் இறங்கிச் சாவியை நீட்டி, "நீங்களே ஓட்டுங்க மாஸ்டர்" என்றார். இரண்டாவது ஆள் ரேடியோவை உரக்க வைத்தார். மூன்றாவது ஆள் ஒவ்வொரு முனையிலும் கடைசிக் கணத்தில் பிரேக் போட்டதில் மாஸ்டர் உருண்டு, இருக்கைகளுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

"இவனுங்களுக்கெல்லாம் எந்த மடையன் கத்துக்கொடுத்தான்?" என்றார் தரையிலிருந்து.

"நீங்கதான்," என்றாள் மாஸ்டரம்மா.

மறுமுறை அவளே சாவியை எடுத்தாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் மாஸ்டரிடமே பழகி, முதல் முறையிலேயே தேறியவள். அதைக் காலாகாலத்தில் புதுப்பித்து, துணி அலமாரியில் மடித்த சால்வைக்கு அடியில் வைத்திருந்தாள். ஓட்டத்தான் வாய்ப்பில்லை. வீட்டில் ஒரு கார். அதில் எப்போதும் யாராவது கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"நீயா?" என்றார் மாஸ்டர்.

"நடந்து வர்றீங்களா?"

வெள்ளைக் காரின் பின் இருக்கையில் மாஸ்டர் படுத்தார். முட்டிக்கடியில் தலையணை. ஜன்னலில் வானமும் மின்கம்பியும் மட்டும் தெரிந்தன. வண்டி கிளம்பியது. முதல் கியர் நன்றாக விழுந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக. மாஸ்டருக்குப் பெருமையாக இருந்தது. என் கையால் பழகியவளாச்சே என்று நினைத்துக்கொண்டார்.

"தெருமுனை வருது. பிரேக்."

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"பிரேக்கும்மா."

போய்க்கொண்டே இருந்தது.

"பிரேக், பிரேக், பிரேக்!" மாஸ்டரின் வலது கால் தன்னையறியாமல் எதிரிலிருந்த இருக்கையின் முதுகை உதைத்தது. அவர் போட்ட கூச்சலில் பாதி வலிக்கு, பாதி வண்டிக்கு. கார் முனையைத் தாண்டி, வீடு கட்டுபவர்கள் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்து, இருமி நின்றது.

"நிக்கலையே," என்றாள் மாஸ்டரம்மா.

"பிரேக்கைப் போட்டாத்தானே நிக்கும்!"

"நான் பழகும்போது தானா நின்னுச்சே."

அவள் கிண்டல் செய்யவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "நிக்க வேண்டிய இடம் வரும். நான் காலைத் தூக்குவேன். அதுக்குள்ள நின்னுடும். எனக்கு நல்லா வருதுன்னு நினைச்சேன்."

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். வேலியில் போய்ச் சாய்ந்த தையல்காரம்மா நினைவுக்கு வந்தாள். மூன்று டாக்சிக்காரர்கள் வந்தார்கள். ஊரில் எல்லா முனைகளிலும் வண்டிகள் ஒரு கணம் தயங்கி, பிறகு பதறி நிற்பதை முப்பத்தொரு வருடமாகப் பார்த்திருக்கிறார். சாலை சரியில்லை என்று நினைத்திருந்தார். இப்போது புரிந்தது. அந்த ஒரு கணம் அவர்கள் எல்லோரும் வண்டி தானாக நிற்கும் என்று காத்திருக்கிறார்கள். அவருடைய காலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார்.

பிசியோ ஒரு சிரிக்காத இளம்பெண். சைக்கிளில் வேலைக்கு வருபவள், ஆகவே மாஸ்டருக்கு அவளிடம் எந்த உரிமையும் இல்லை. மணல் குவியல் கதையை மாஸ்டரம்மா சொல்லக் கேட்டதும், அவள் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள்.

"வேலை செய்யும்போது எப்படி உட்காருவீங்களோ, அப்படியே ரெண்டு நிமிஷம் உட்காருங்க சார்." மாஸ்டரம்மாவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். "நீங்க ஓட்டுங்கம்மா."

"எங்க போகணும்?"

"எங்கேயாவது."

மாஸ்டரம்மா தட்டைத் திருப்பி ஓட்டினாள். மாஸ்டர் ஒரு பிட்டத்தில் சாய்ந்து, முதுகை முறுக்கி, காலை நீட்டினார். முதலில் சும்மாதான் இருந்தார். பிறகு அவள் ஒரு வளைவில் தட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாள். கால் தரையை அழுத்தியது.

"பதினேழு," என்றாள் பிசியோ இரண்டு நிமிடம் ஆனதும்.

"என்ன பதினேழு?"

"பிரேக். நீங்க இருக்குறது அறையில சார். எதிர்ல சுவர்."

"அவ நேரா சுவரைப் பாத்துதானே வந்தா!"

பிசியோ அவரைக் குற்றம் சொல்லவில்லை. டிஸ்க் பிதுங்குவதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வயதும் ஒரு காரணம் என்றாள். ஆனால் தினம் எட்டு மணி நேரம் முறுக்கி உட்கார்ந்து ஒரே காலால் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்கு ஆற நேரம் கிடைக்காது. இனி இரண்டு பிட்டத்திலும் சமமாக உட்கார வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். தேவையில்லாமல் காலை நீட்டக் கூடாது.

"தேவை எப்போ, தேவையில்லாதது எப்போன்னு எப்படித் தெரியும்?"

"அது உங்க தொழில் சார்."

பயிற்சிகள் தொடங்கின. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். இடுப்பு தரையிலேயே இருக்க வேண்டும். வலி காலில் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். பிறகு நடை. முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. கட்டைவிரலுக்காகக் குதிகாலில் மட்டும் நின்று கூடத்தின் நீளத்துக்கு நடக்க வேண்டும்.

"வாத்து தேவலை," என்றாள் மாஸ்டரம்மா பார்த்துவிட்டு.

"வாத்துக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை."

மூன்றாவது வாரம் புதிதாக ஒரு பீதி. பாதத்தில் வலி நின்றுவிட்டது; ஆனால் தொடையில் இருந்தது. நான்கு நாள் கழித்துத் தொடையிலும் இல்லை, பிட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. இடுப்பு முன்னைவிட அதிகமாக வலித்தது. பயந்துபோய்ப் பிசியோவிடம் சொன்னார்.

"மேல ஏறுதா?" என்றாள். முதன்முறையாகச் சிரித்தாள். "ரொம்ப நல்லது சார்!"

"வலி எங்க போகுதுன்னு கேட்டு சந்தோஷப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

அன்று மகள் போனில் கேட்டுவிட்டு, "சரியாத்தான் போகுது," என்றாள். "கோடி வீட்டுல கரண்ட் வந்துடுச்சு. இனி வலி வேர்ப்பக்கம் சுருங்கிகிட்டே போகும். கால்ல இறங்கினாத்தான் தப்பு."

"ரிவர்ஸ்ல வருதுன்னு சொல்லேன்."

"ஆமாப்பா. ரிவர்ஸ்."

இதற்கிடையில் வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டரம்மா ஓட்டினாள்; மாஸ்டர் படுத்தபடி கற்றுக்கொடுத்தார். சாலை தெரியாது. வீடுகளின் மேல்மாடிகள் மட்டும் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்தத் தெருக்களில் சுற்றியும் அவர் பார்த்திராத மாடிகள். நான்கே நாளில் மனப்பாடமாகிவிட்டன.

"மேல பச்சை ஜன்னல் வந்துச்சு. இன்னும் முப்பதடியில முனை. இப்பவே காலை எடுத்து பிரேக் மேல வை."

"இங்க ஒரு நாய் படுத்திருக்கு."

"எனக்கு அது தெரியாது. நீ பாத்துக்கோ."

"அது தெரியாதா? அப்புறம் எதுக்கு நீங்க?"

மாஸ்டர் காலால் செய்ததை முதன்முறையாக வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே நிற்க வேண்டுமோ அதைப் பார்க்காதே, அதற்கு முன்னால் வருவதைப் பார். மிதிக்காதே; முட்டையின் மேல் பாதம் வைப்பதுபோல வை, பிறகு எடையைக் கொடு. அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு வந்தது. ஐந்தாவது வாரம் அவள் முனையில் நிறுத்தியபோது தலையணை அசையவில்லை. வண்டி நின்றதே தெரியாமல் மாஸ்டர், "பிரேக்" என்றார்.

"நின்னு அரை நிமிஷமாச்சு."

ஆறாவது வாரம் மாஸ்டர் ஒரு முட்டாள்தனம் செய்தார். காலில் வலியே இல்லை. மாஸ்டரம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற காரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சும்மா, பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று. தெருவில் வண்டிகள் வந்துபோயின. அவை ஒவ்வொன்றுக்கும் அவர் பிரேக் போட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மாஸ்டரம்மா திரும்பி வந்தபோது அவரால் இறங்க முடியவில்லை. மின்னல் மறுபடி கட்டைவிரல் வரை இறங்கியிருந்தது.

"யாருமே ஓட்டாத வண்டியை நிறுத்திகிட்டு உட்கார்ந்திருக்கீங்க," என்றாள் அவள். கதவைப் பிடித்தபடி சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"கையெழுத்துப் போட மாட்டாரு," என்றார் மாஸ்டர். "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

"இப்படியே உட்கார்ந்து புலம்பினா கால் சரியாயிடுமா? வாங்க. நடக்கணும்."

நடந்தார். முதல் நாள் தெருமுனை வரை. இரண்டு வாரமும் குப்புறப் படுத்தார், குதிகாலில் நடந்தார், சமையலறை மேடைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்தார். யாருக்காகவும் காலை நீட்டவில்லை. வலி மறுபடி படிப்படியாகப் பின்வாங்கியது. கடைசி நாள் இடுப்பில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மட்டும் பாக்கி இருந்தது.

டாக்டர் காலை உயர்த்தினார். திட்டு விழவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தார். கட்டைவிரலை அழுத்தினார். அது நின்றது. இடது அளவுக்கு இல்லை, ஆனால் நின்றது.

"முக்கால் பங்குக்கு மேல வந்துடுச்சு," என்றார் டாக்டர். பேனா திறந்துதான் இருந்தது, காகிதத்தில் இறங்கவில்லை. "முழுசா இல்லை மாஸ்டர். ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்குமா? பயமா இருக்கு."

"வண்டியில வந்து பாருங்க," என்றார் மாஸ்டர்.

மாஸ்டரம்மா ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் நேராக உட்கார்ந்தார். டாக்டர் பின்னால். ஏற்பாடு எளிது: டாக்டர் 'நிறுத்துங்க' என்பார், மாஸ்டர் தன் பிரேக்கை மிதிக்க வேண்டும், எவ்வளவு வேகமாக மிதிக்கிறார் என்று பார்க்கலாம்.

"நிறுத்துங்க!"

வண்டி நின்றது. மாஸ்டரின் கால் பாதி வழியில் இருந்தது.

"போட்டது யாரு?" என்றார் டாக்டர்.

"நான்," என்றாள் மாஸ்டரம்மா.

மறுபடி போனார்கள். மறுபடி அவளே நிறுத்தினாள். மூன்றாவது முறை டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டாள். எதிரே ஒரு பெண்மணி பையுடன் குறுக்கே வந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் நிறுத்தாம இரேன்!" என்றார் மாஸ்டர்.

"ஆறு வாரமா நிறுத்து நிறுத்துன்னு கத்திட்டு, இப்போ நிறுத்தாதேன்னா? கால் கேக்க மாட்டேங்குதுங்க."

"இப்படி ஆகாது," என்றார் டாக்டர். "இறங்குங்கம்மா. நான் ஓட்டுறேன்."

மாஸ்டரம்மா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் பின்னால் போய் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள்.

டாக்டர் ஒரு சுற்று சுற்றி ஆஸ்பத்திரித் தெருவுக்குத் திரும்பினார். "கேட்டுக்குப் பக்கத்துல போனதும் சொல்றேன் மாஸ்டர்." கேட் வந்தது. சாத்தியிருந்தது. டாக்டர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், எடுத்த காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மிக அமைதியாக, காத்திருந்தார்.

மாஸ்டர் ஒரு கணம் பொறுத்தார். இது தேவையா, தேவையில்லையா என்று யோசித்தார். தேவை என்று முடிவு செய்தார். பாதம் எழுந்தது, பிரேக்கின் மேல் அமர்ந்தது, எடையைக் கொடுத்தது. கார் கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பின்னாலிருந்து மாஸ்டரம்மாவின் மூச்சுக் கேட்டது.

"நான்தானே போட்டேன்?" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர்."

டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பெடலைத் தொட்டுக்கூட இருக்கவில்லை. "எப்பவுமே எனக்கு இப்படித்தான் மாஸ்டர். கடைசி நேரத்துல ஏதோ ஒரு நம்பிக்கை வந்துடும்."

"தப்பு உங்க மேல இல்லை," என்றார் மாஸ்டர். "நான்தான் சொல்லிக்கொடுக்கலை. முப்பத்தொரு வருஷமா யாருக்குமே சொல்லிக்கொடுக்கலை."

டாக்டர் இறங்கி, கார் பானட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும் என்று எழுதினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் மாணவராக டாக்டரே வந்தார். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் இரண்டு பிட்டத்திலும் சமமாக உட்கார்ந்தார். வலது பாதத்தைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அது தானாக ஒரு முறை எழப் பார்த்தது. முட்டியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"போங்க டாக்டர்," என்றார். "நிறுத்துறது உங்க பொறுப்பு."